வெயிலும் புழுக்கமும்: தீவு வாசிகள் உஷ்ணத்தோடு வாழும் முறை

சங்கரன்கோவில் தாலுகாவில் பிறந்து வளர்ந்தவருக்கு உஷ்ணத்தைப் பற்றிப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பங்குனி முதல் வைகாசி வரையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதையும், கண்மாய் வறள்வதையும், நடுப்பகலில் வெறுங்காலுடன் தெருவைக் கடக்க இயலாமற் போவதையும் அவர் ஆண்டுதோறும் காண்கிறார். ஆயினும் இப்பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் வாலிபர்கள், போன சில தினங்களில் ஊருக்குப் பேசும்போது, “இங்கே வெயில் நம் ஊர் அளவு இல்லை, ஆனால் தாங்க முடியவில்லை” என்று சொல்லக் கேட்கிறோம். 38 டிகிரி வெயிலில் பருத்திக் காட்டில் நாள் முழுதும் நின்ற ஆள், 32 டிகிரியில் தளர்ந்து உட்காருவானேன்? இதை அவனுடைய சோம்பலென்றோ ஊர் ஏக்கமென்றோ தள்ளிவிடுவது சரியன்று. அவன் சொல்வது உண்மை. அதற்குத் தக்க காரணமும் உண்டு. அக்காரணத்தை அறியாமையால் உயிரிழந்தோர் உலகில் பலர். (இக்கட்டுரையில் டிகிரி என்று வருவனவெல்லாம் சென்டிகிரேட் கணக்கு.)

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் முன்னமே இருக்கின்றன. ஒன்று வெயில், மற்றொன்று புழுக்கம். வெயில் வானத்திலிருந்து வருவது. நிழலில் ஒதுங்கினால் பாதி நீங்கும். புழுக்கமோ காற்றில் கலந்திருப்பது; நிழலிலும் இருக்கும், இரவிலும் இருக்கும். யாழ்ப்பாணத்தார் இதனை ‘அவிச்சல்’ என்பர். நெல் அவிப்பதை நினைத்துக்கொண்டால் அச்சொல்லின் பொருத்தம் விளங்கும். நம் தாலுகாவின் கோடை பெரும்பாலும் வெயிலைச் சேர்ந்தது; தீவுகளின் உஷ்ணம் பெரும்பாலும் புழுக்கத்தைச் சேர்ந்தது. ஒன்றுக்குரிய பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோனால் தீங்கு விளையும்.

சங்கரன்கோவிலிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு கிழித்துக்கொண்டு போனால், சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் அது பாம்பன் தீவின் தென்கோடியாகிய தனுஷ்கோடியின் அருகில் சேரும். அப்பால் கடலைக் கடந்து இலங்கையின் மன்னார்ப் பக்கத்தை அடையும். 1914-ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரையில் அது நம்மவர் இலங்கைக்குப் போகும் முக்கிய வழியாயிருந்தது. அட்ச ரேகை ஏறக்குறைய ஒன்றாகையால் இம்மூன்று இடங்களிலும் சூரியன் ஒரே உயரத்திற் செல்கிறான். ஆனால் உஷ்ணம் ஒன்றாயில்லை. சங்கரன்கோவிலுக்கு மேற்கே மலை. தீவுகளுக்கு நாற்புறமும் கடல். வேற்றுமை முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும்போது தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரல். நமக்கோ காற்று மட்டும். ஈரத்தை மலையில் இறக்கிவைத்துவிட்டுச் சரிவில் இறங்கி வரும் காற்று, இறங்க இறங்கச் சூடேறி உலர்ந்துவிடுகிறது. ஆடித் தபசுக்கு வருவோர் முகத்தில் மண்ணை வாரியடிக்கும் காற்று இதுவே. இதனை நாம் வைவது வழக்கமாயினும், மிளகாய்வற்றல் உலர்வதும் துணி ஒரு நாழிகையில் காய்வதும் இதன் தயவால்தான்.

கடலின் தன்மை வேறு. நிலம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறும். ஆழமான ஜலம் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். ஆகையால் தீவின் காற்று பகலில் அதிகமாகக் கொதிப்பதுமில்லை, இரவில் அதிகமாகக் குளிர்வதுமில்லை. கொழும்பில் மிகச் சூடான மாதத்தின் சராசரிக்கும் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கும் ஏறத்தாழ இரண்டு டிகிரியே வித்தியாசம்; சிங்கப்பூரிலும் அவ்வாறே. சிங்கப்பூரில் பகலின் உச்சம் பெரும்பாலும் 31 முதல் 33 வரையில் நிற்கும். இரவில் 24-க்குக் கீழே இறங்குவது அடிக்கடி நிகழ்வதன்று. 1983 ஏப்ரலில் அங்கே பதிவான 37 டிகிரி, நாற்பது ஆண்டுகள் கழித்து 2023 மே மாதத்தில் மறுபடி எட்டப்பட்டபோது அது பெரிய செய்தியாயிற்று. திருநெல்வேலிச் சீமையில் 37 டிகிரியை யாரும் செய்தியாகக் கருதுவதில்லை. மார்கழி என்ற ஒரு மாதம் அவ்வூர்களில் பஞ்சாங்கத்தில் உண்டு, உடம்பில் இல்லை. தீவென்றால் எல்லாப் பாகமும் சூடென்று கொள்ளலாகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: இலங்கையின் நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,870 மீட்டர் உயரத்திலிருப்பது, தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்கள் அங்கே பட்ட துன்பம் குளிரால் ஏற்பட்டது. இக்கட்டுரை தாழ்ந்த கரையோரங்களைப் பற்றியது.

இனித் தேகத்தின் விஷயத்துக்கு வருவோம். மனிதனுடைய உள்ளுடம்பு 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். உழைக்கும் தேகம் அடுப்பைப் போல உள்ளேயே உஷ்ணத்தை உண்டாக்குகிறது. அதை வெளியேற்றியாக வேண்டும். காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் உஷ்ணம் தானே வெளியே செல்லும். காற்றின் உஷ்ணம் 35-ஐ எட்டிவிட்டால் அவ்வழி அடைபட்டு, வியர்வை ஒன்றே மிஞ்சுகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முற்றிலும் ஆவியாகுமானால், சுமார் எட்டு லிட்டர் கிணற்று ஜலத்தைக் கொதிக்க வைக்கப் போதுமான உஷ்ணத்தைத் தேகத்திலிருந்து எடுத்துச் செல்கிறது. கடின வேலை செய்வோன் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். இவ்வளவு சிறந்த ஏற்பாடு வேறு எந்தப் பிராணிக்கும் நம்மளவு அமையவில்லை.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. வியர்வை ஆவியாக வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை தேகத்தைச் சிறிதும் குளிர்விப்பதில்லை. உப்பையும் ஜலத்தையும் கொண்டுபோய்விட்டு ஒரு பயனும் தராமற் போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவி எங்கே போகும்? நம் ஊர்க் கோடையில் ‘வியர்க்கவில்லை’ என்று நினைத்திருப்போம். உண்மையில் வியர்த்தது உடனுக்குடன் காய்ந்து தன் வேலையைச் செய்திருக்கும். தீவில் சட்டை நனைந்து பிழியும் அளவுக்கு வியர்த்திருப்போம்; உள்ளுடம்போ ஆறியிராது.

இதை அறியப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள மண்பானையே போதும். பானையின் மேற்புறம் கசிந்து, கசிந்த ஜலம் ஆவியாகி, உள்ளிருக்கும் ஜலம் குளிர்கிறது. சித்திரை மாதத்துப் பானை ஜலம் சங்கரன்கோவிலில் பல்லில் கூசும். ஐப்பசி மழைக்கு முந்திய மப்பில் அதே பானை அதே மூலையில் இருந்தும் அவ்வளவு குளிர்வதில்லை. கொழும்புக் கரையிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் அந்த ஐப்பசிப் பானைதான். பானை குளிரும் நாளில் நம் தேகமும் குளிரும். பானை குளிராத நாளில் தேகமும் குளிர்வது கடினம்.

விஞ்ஞானிகள் இந்தப் பானைக் கணக்கையே ஒரு கருவியாக அமைத்திருக்கிறார்கள். சாதாரண உஷ்ணமானி ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அதை நனைத்து, காற்றுப் படும்படி வைத்தால், துணியின் ஈரம் ஆவியாவதால் அளவு இறங்கும். இதனை ஈரக்குமிழ் அளவு என்பர். காற்று உலர்ந்திருந்தால் வெகுவாக இறங்கும். ஈரமாயிருந்தால் சிறிதே இறங்கும். 38 டிகிரி உஷ்ணமும், காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் நூற்றுக்கு 25 பங்கும் உள்ள நம் ஊர்ப் பகற்பொழுதில் ஈரக்குமிழ் சுமார் 23 காட்டும். 32 டிகிரியும் நூற்றுக்கு 75 பங்கு ஈரமும் உள்ள தீவில் அது சுமார் 28 காட்டும். வெறும் மானியைப் பார்த்தால் தீவு ஆறு டிகிரி குளிர்ச்சி. வியர்வையின் கணக்கிலோ தீவு ஐந்து டிகிரி சூடு. அந்த வாலிபன் ஊருக்குச் சொன்னதன் முழுப் பொருளும் இவ்விரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது.

ஈரக்குமிழ் 35-ஐ எட்டினால் எவ்வளவு ஆரோக்கியமுள்ளவனும் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தும் சில மணி நேரத்துக்குமேல் பிழைப்பதரிது என்று 2010-ஆம் ஆண்டில் ஷெர்வுட், ஹ்யூபர் என்ற இருவர் கணக்கிட்டுக் காட்டினர். பின்னர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணச் சர்வகலாசாலையார் வாலிபர்களைக் கொண்டு சோதித்து 2022-ல் வெளியிட்ட முடிவின்படி, புழுக்கமான காற்றில் சுமார் 31-லேயே, மிக இலேசான வேலையிலும், தேகத்தின் கட்டுப்பாடு தளரத் தொடங்கிவிட்டது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் எல்லை இதனினும் கீழே இருக்குமென்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, ஆண்டு முழுவதும் இதே புழுக்கத்திலிருப்போர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைப் பார்ப்போம். அவர்கள் வீடு கட்டும் முறையில் இது நன்கு தெரியும். நம் பக்கத்துப் பழைய வீடுகள் கனத்த சுவரும் சிறு ஜன்னலும் உடையவை. பகலில் கதவை அடைத்து இருளாக்கி, இரவில் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விட்டுக்கொள்வோம். சுவர் அக்குளிர்ச்சியை மறுநாள் உச்சி வரையில் காத்துவைக்கும். இது வெயிலுக்கேற்ற வீடு. இரவே குளிராத தீவில் இதனால் பயனில்லை; கனத்த சுவர் பகற்சூட்டைச் சேமித்து இரவில் கக்கும். ஆகையால் மலாய்க்காரர் தூண்களின்மேல் பலகை வீடு கட்டி, தரைப்பலகைக்கிடையிலும் காற்று வரும்படி இடைவெளி விட்டு, நீப்பனையோலையால் கூரை வேய்ந்தனர். யாழ்ப்பாணத்தில் நடுமுற்றமும், சுற்று விறாந்தையும், சுவருக்குப் பதிலாகக் காற்றை வடிகட்டி விடும் கிடுகு வேலியும் அமைந்தன. அவ்விடத்துக் கரையார் சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டிருப்பது கடற்பயணத்துக்கு மட்டுமன்று; எந்த மாதத்தில் எந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து படுப்பது என்பதும் அதில் அடக்கம். சிங்கப்பூர் அரசாங்கம் பிற்காலத்தில் கட்டிய அடுக்கு மாடி வீடுகளிலும் தரைமட்டத்தை வெறுமையாக விட்டுக் காற்றோட்டத்துக்கும் ஜனங்கள் கூடுவதற்கும் பயன்படுத்தினர். அத்தீவின் பிரதம மந்திரியாயிருந்த லீ குவான் யூ, தம் நாடு முன்னேறியதற்குக் குளிர்சாதன இயந்திரமும் ஒரு பெருங் காரணமென்று கருதியவர். அது மெய்யே. ஆயினும் இயந்திரம் ஆபீஸில் இருப்போனுக்கு உதவும். சாரத்தின் மேல் கம்பி கட்டுவோனுக்கு உதவாது.

உடையும் அப்படியே. உலர்ந்த வெயிலில் உடம்பை மூடி, தலைப்பாகை கட்டுவது அறிவு. வெயில் தோலில் படாது, வியர்வையும் மெள்ளக் காயும். புழுக்கத்தில் மெல்லிய பருத்தியில் தளர்ந்த சிற்றுடையே தக்கது. நனைந்ததை மாற்ற இரண்டாவது துணி கையில் இருக்க வேண்டும். ஈரத்துணியோடு நாள் முழுதும் இருப்போருக்கு வேர்க்குருவும் படையும் வந்து தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டவன் மறுநாள் உஷ்ணத்தைத் தாங்கான். இதைச் சிறு விஷயமென்று விடுவோர் பலர்.

தீவில் பிறந்து வளர்ந்தவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர் தேகம் எப்போதும் உஷ்ணத்துக்குப் பழகியே இருக்கிறது. அபாயம் புதிதாக வருவோனுக்குத்தான். தேகம் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரையில் ஆகும். அதற்குள் இரத்தத்தின் நீரளவு கூடுகிறது. வியர்வை முன்னதாகவும் அதிகமாகவும் வருகிறது. அதில் போகும் உப்புக் குறைகிறது. அதே வேலைக்கு இருதயம் முன்னைவிட மெதுவாக அடிக்கிறது. இந்தப் பழக்கம் வேலையால் வருவது. வீட்டில் படுத்திருந்தால் வராது. சில வாரம் குளிர்ந்த இடத்தில் இருந்துவிட்டால் மறைந்தும் போகும். வெளியில் வேலை செய்வோரில் உஷ்ணத்தால் மாண்டோரைக் கணக்கெடுத்த அமெரிக்கத் தொழில் இலாகா, அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் வேலைக்கு வந்த முதற் சில தினங்களிலேயே இறந்ததாகக் கண்டது. ஆகையால் அந்நாட்டுச் சுகாதார ஆராய்ச்சியார், புதிய ஆளுக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கும், பின் நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் கொடுக்கும்படி சொல்கிறார்கள். முன்பே பழகி, சில காலம் விடுப்பிலிருந்து திரும்பியவனுக்கு முதல் நாளில் பாதி வேலை.

முதல் நாளிலேயே தன் பலத்தைக் காட்ட நினைக்கும் வாலிபனுக்கு இது கசக்கும். கடன் வாங்கிக் கப்பலேறியவனுக்கு, அல்லது இக்காலத்தில் விமானமேறியவனுக்கு, இன்னும் கசக்கும். நம் சங்கங்களிற் கடன் பெற்று வெளியூர் செல்வோரிடம் வட்டி விகிதத்தைப் பற்றிச் சொல்லும் காரியதரிசிகள், இந்த முதல் வாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். சிங்கப்பூர்த் தொழில் மந்திரி இலாகா 2023 அக்டோபரில் இதற்கு விதிகளை விரிவாக்கியது. அவற்றின்படி வெளிவேலைத் தளங்களில் உஷ்ணத்தை மணிக்கொரு முறை அளக்க வேண்டும். புதிதாக வந்தோரைக் குறைந்தது ஏழு நாட்களிற் படிப்படியாகப் பழக்க வேண்டும். மணிக்கொரு முறையேனும் ஜலம் பருகச் செய்ய வேண்டும். அளவு 32-ஐ எட்டினால் கடின வேலை செய்வோருக்கு மணிக்குப் பத்து நிமிஷமும், 33-ஐ எட்டினால் பதினைந்து நிமிஷமும் நிழலில் ஓய்வு கொடுக்க வேண்டும். இவை தமக்குரியவை என்று வேலையாள் அறிந்திருப்பது நலம்.

இவ்விடத்தில் சொல்லிய 32, 33 என்பன சாதாரண மானியின் எண்கள் அல்ல. பத்தில் ஏழு பங்கு ஈரக்குமிழ் அளவும், இரண்டு பங்கு வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் காணும் அளவும், ஒரு பங்கு சாதாரண உஷ்ணமும் சேர்த்துக் கூட்டியது. 1950-களில் அமெரிக்காவின் பாரிஸ் தீவு என்ற கடற்படைப் பயிற்சி முகாமில் புதிய சிப்பாய்கள் உஷ்ணத்தால் விழுந்துகொண்டிருந்தபோது, யாக்லோ, மினார்டு என்ற இருவர் இக்கணக்கை வகுத்து 1957-ல் வெளியிட்டனர். அளவு ஏறிய நேரத்தில் பயிற்சியை நிறுத்தியதும் விழுவோர் வெகுவாகக் குறைந்தனர். ஈரத்துக்குப் பத்தில் ஏழு பங்கு இடங் கொடுத்திருப்பதைக் கவனிக்க.

தீவுக் கதை தீவோடு போகட்டும், நமக்கென்ன என்று எண்ணுவோர் உண்டு. சங்கரன்கோவில் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் ஒரு முறை சென்று நின்று பார்த்தால் இந்த எண்ணம் மாறும். பருத்தி நூல் உலர்ந்தால் அறும், ஈரமிருந்தால் இழுபடும். ஆகவே பாவு அறாதிருக்கத் தரையில் ஜலம் தெளிப்பதும், காற்று புகாமல் அடைப்பதும் நெசவுத் தொழிலில் நெடுநாள் வழக்கம். மேலே தகரம் அல்லது சிமெண்டுத் தகடு; உள்ளே தறிகளின் சூடு; காற்றிலே ஈரம். வெளியே சங்கரன்கோவில், உள்ளே பன்னிரண்டு மாதமும் கொழும்பு. நெல் அவிக்கும் கொட்டகையும், ஜன்னலில்லாத சமையலறையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. சமையலறையில் நிற்போர் பெண்களாதலால் அதைக் கூலி வேலையென்று யாரும் எண்ணுவதில்லை. உஷ்ணம் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. புரட்டாசி ஐப்பசியில் முதல் மழை பெய்து காற்றடங்கிய நாட்களில் வயலும் சில தினங்கள் அப்படியே ஆகிறது. “வெயில் குறைந்துவிட்டது” என்று நாம் உச்சியிலும் களையெடுக்கத் துணிவது அந்நாட்களில்தான்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தையொட்டி வகுத்த மாதிரி விதிகளில், வேலைக்கூடத்தில் ஈரக்குமிழ் 30 டிகிரியைத் தாண்டலாகாதென்றும், நிமிஷத்துக்கு 30 மீட்டர் வேகத்திற் காற்றோட்டம் இருக்க வேண்டுமென்றும் கண்டிருந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்து வேலை செய்யும் சிறு கொட்டகைகளை அச்சட்டம் எட்டவில்லை. ஆகையால் இதனைச் சங்கங்களே கவனிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு உஷ்ணமானிகள், ஒரு முழம் மல் துணி, ஒரு கிண்ணம் ஜலம்: இவ்வளவே செலவு. துணியின் ஒரு நுனி கிண்ணத்தில் தோய்ந்திருக்க, மானியை ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் மாட்டி, சில நிமிஷம் விசிறிவிட்டுப் பார்க்க வேண்டும். ஈரக்குமிழ் 28-ஐ நெருங்கும் வேளையில் ஓய்வைக் கூட்டுவதும், 30-ஐத் தொட்டால் தறியை நிறுத்திக் கதவைத் திறப்பதும் உசிதமென்பது எமது கருத்து. கொட்டகைத் தகட்டின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதும், தென்னங்கீற்று வேய்வதும், கூரையின் உச்சியிற் சூடு வெளியேறத் திறப்பு வைப்பதும் உடனே பலன் தரும். நூலுக்கு ஈரம் வேண்டுமே என்பர், வாஸ்தவம். ஈரத்தை நூலுக்குக் கொடுத்து, காற்றோட்டத்தை ஆளுக்குக் கொடுக்கும்படி விசிறியை ஆளை நோக்கித் திருப்பலாம். விசிறியிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். காற்று 40 டிகிரிக்கு மேற் சூடாயிருந்தால் விசிறி அனலையே வீசும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. தோலை நனைத்துக்கொண்டு அதற்குக் கீழ்ப்பட்ட உஷ்ணத்தில் வீசினால் நன்மையே.

வேலை நேரத்தை மாற்றுவதில் நம் பூக்கட்டுக் குடும்பங்கள் முன்மாதிரியானவை. மல்லிகையும் பிச்சியும் சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்கு நேரத்தில் சேர வேண்டுமாதலால் விடியுமுன் பறிக்கிறார்கள். வெயில் ஏறுமுன் கொடியைவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பூ வாடாதிருக்கச் செய்வதை ஆள் வாடாதிருக்கவும் செய்யலாம்.

இவ்வாறு ஓய்வு கொடுத்தால் கூலி நஷ்டமென்று நினைப்போருக்கு ஒரு செய்தி. மத்திய அமெரிக்காவில் பசிபிக் கரையோரக் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாத வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். நாள்தோறும் உஷ்ணத்தில் ஜலம் வற்றும்படி உழைத்தது அதற்கு ஒரு முக்கிய காரணமென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2015-ஐ ஒட்டி எல் சால்வடோரில் ஒரு தோட்டத்தில், ஆட்களோடு கூடவே நகரும் நிழற்கூடாரம், குறித்த நேரத்து ஓய்வு, முதுகில் சுமக்கும் ஜலப்பை ஆகியவற்றை ஏற்படுத்திப் பார்த்தனர். ஆள் ஒருவன் நாளொன்றுக்கு வெட்டிய கரும்பு குறையவில்லை, கூடியது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையேயும் உஷ்ணத்தாற் சிறுநீரகத்துக்கு ஏற்படும் கேட்டைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிலையத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உஷ்ணத்தின் தீமை ஒருவன் மயங்கி விழுவதோடு முடிகிறதென்று எண்ணுவது தவறு. விழாமலே பத்து வருஷம் உழைத்தவன் சிறுநீரகத்தில் அது எழுதி வைத்துக்கொண்டிருக்கலாம். சிறுநீர் கரும்பழுப்பாகக் கழிவதும் அளவு குறைவதும் முதல் எச்சரிக்கை.

இவ்விடத்தில் சர்க்காரின் வெப்ப எச்சரிக்கையைப் பற்றியும் ஒரு சொல். சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37 டிகிரியையும் எட்டி, வழக்கத்துக்கு மேல் 4.5 டிகிரியாவது கூடினால்தான் இந்திய வானிலை இலாகா சாதாரணமாக வெப்ப அலையென்று அறிவிக்கும். வழக்கமே சூடாயிருக்குமிடத்தில், தறிக்கொட்டகையிலோ தீவிலோ, அறிவிப்பு ஒருபோதும் வராமலிருக்கலாம். வரவில்லை என்பதால் அபாயமில்லையென்று கொள்ளலாகாது.

பருகுவதற்கு நம் முன்னோர் வழக்கங்கள் பெரும்பாலும் சரியானவை: உப்பிட்ட நீராகாரம், நீர் மோர், பருவத்தில் பதநீரும் நுங்கும். தாகம் எடுக்கும் வரையில் காத்திராமல், கடின வேலையில் கால் மணிக்கோ இருபது நிமிஷத்துக்கோ ஒரு முறை ஒரு தம்ளர் வீதம் குடிக்க வேண்டும். உப்பில்லாத வெறும் ஜலத்தை மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பதும் தீங்கு; இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போகும். மிகவும் சோர்ந்தவனுக்கு, காய்ச்சியாறிய ஒரு லிட்டர் ஜலத்தில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். சாராயம் உஷ்ணத்தைத் தணிக்குமென்பது பொய். உள்ள ஜலத்தையும் சிறுநீராக வெளியேற்றிவிடும்.

கடைசியாக, உயிர்போகும் சமயத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். தலைவலி, மயக்கம், தசைப்பிடிப்பு, வாந்தி என்று வந்தால் நிழலில் படுக்கவைத்து ஜலம் கொடுத்தால் பெரும்பாலும் தெளிவான். ஆனால் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, நினைவு தப்பினாலோ, அது உஷ்ணத் தாக்கு. உள்ளுடம்பு 40 டிகிரியைக் கடந்திருக்கும். உடம்பு வறண்டிருந்தால்தான் உஷ்ணத் தாக்கு என்ற நம்பிக்கை சரியன்று. உழைத்து விழுந்தவனுக்கு வியர்த்துக்கொண்டேயிருக்கும். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரையில் காத்திராமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும். சட்டையைக் கழற்றி, கிணற்றடியிலோ பம்பு செட்டுத் தொட்டியிலோ தலை மூழ்காதபடி தாங்கிப் பிடித்து அமிழ்த்தலாம். அது இயலாவிடில் குடம் குடமாக ஊற்றி, விடாமல் விசிற வேண்டும். முதல் அரை மணி நேரம்தான் கணக்கு. நினைவில்லாதவன் வாயில் ஜலம் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசாங்கத்தார் வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்று ஏற்படுத்தியிருக்கிறார்கள். மரணத்துக்குக் காரணம் இன்னதென்று உரிய அதிகாரியின் அத்தாட்சி இருந்தால்தான் அது கிடைக்கும். ‘மாரடைப்பு’ என்று எழுதிவாங்கி அன்றே தகனம் செய்துவிட்டால் பிறகு நிரூபிக்க வழியில்லை. விழுந்த இடம், நேரம், செய்த வேலை, அன்றைய உஷ்ணம், ஈரக்குமிழ் அளவு இருந்தால் அதுவும், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைச் சங்கக் காரியதரிசி அன்றே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.